நித்யா கை தூக்கினாள்

நனைந்த மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே, வாசலில் நின்று எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடும் என் அம்மாவுக்கு,

இது ஏப்ரலில், உன் நினைவு நாளுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம். ஜூன் முடியப் போகிறது. அன்றைக்கும் உட்கார்ந்தேன். 'அம்மா' என்று எழுதியதோடு சரி, அதற்கு மேல் கை ஓடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய சேதி அப்போது பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதியைச் சொல்லி உன்னை எதற்குப் பதற வைப்பது என்று மூடி வைத்துவிட்டேன். இப்போது மத்தியானம். பாப்பா தொட்டிலில் தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

பாப்பாவை நீ பார்க்கவில்லை இல்லையா? பதினோரு மாதம் ஆகிறது. உன்னைப் போலவே கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையாவது யோசிக்கிறாள். அவள் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இருமாவிட்டாலும் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். பிரபு சிரிக்கிறார். பிரபுவை உனக்குத் தெரியும். கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் படித்தவர், மூணாறு பஸ் நிலையத்தில் வைத்து நீ ஒரே ஒரு தடவை பார்த்துச் சரி என்று சொன்ன மனிதர்தான். நீ போன மூன்றாம் மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த கையோடு, நித்யாவையும் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குக் கிழக்கே இந்தத் தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரிய சேதி நித்யாவைப் பற்றியது. உன் சின்ன மகள் ராணுவ அகாடமியில் முதல் வருஷம் படிக்கிறாள். மூன்று வருஷம் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து நடக்கும், அதன் பிறகு இன்னும் ஒரு வருஷப் பயிற்சி முடித்தால் அதிகாரி. பெண்களுக்கு அங்கே கதவு திறந்து சில வருஷம்தான் ஆகிறது. நாடு முழுக்க எழுதுகிற பரீட்சையில் தேறி, ஐந்து நாள் நேர்முகத்தில் தேறி, ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். முதுகு வரை இருந்த முடியைக் காதோடு வெட்டிவிட்டார்கள். அவள் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்து அத்தை, அதாவது பிரபுவின் அம்மா, "இது யாரு, நம்ம நித்யாளோட அண்ணனா?" என்று கேட்டார்கள்.

சேதி இதோடு முடிந்திருந்தால் ஏப்ரலிலேயே எழுதியிருப்பேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். முதல் டெர்ம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும், அதுவும் ஒரு மணி நேரம். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று நான் கேட்டுக்கொண்டே போக, அவள் குறுக்கே பேசினாள். முதல் தேர்வில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் ஃபெயில். காலை இருட்டில் ஓட்டம், பிறகு கவாத்து, பிறகு குளித்து உடை மாற்றி வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கண் சொருகிவிடுகிறதாம். தூக்கம் வருகிறவர்கள் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றபடியே பாடம் கேட்கலாம் என்று அங்கே ஒரு வழக்கமே இருக்கிறது. இவள் நின்றுகொண்டும் தூங்கியிருக்கிறாள்.

டெர்ம் கடைசித் தேர்விலும் போய்விட்டால் அவளோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விடுவார்கள், இவளை ஆறு மாதம் பின்னால் தள்ளி மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள். அப்படியும் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "யார்ட்டயும் சொல்லாதக்கா" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அம்மா? அங்கே வாத்தியார்கள் இருக்கிறார்களே, போய்க் கேள் என்றுதானே? நான் சொன்னது இதுதான்: "நீயும் யார்ட்டயும் காட்டிக்காத. உனக்கு வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா அதையே பிடிச்சிக்கிடுவாங்க. கணக்கு நான் சொல்லித் தாரேன்."

ஒரு நொடி யோசிக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. அந்த வார்த்தை யாருடையது என்று உனக்குத் தெரியும்.

நான் கணிதம் படித்தவள்தானே. பழைய நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சமையலுக்கும் பாப்பாவின் தூக்கத்துக்கும் நடுவில் மாதிரிக் கணக்குகளைப் போட்டு, வரி வரியாக எழுதிப் படம் எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அனுப்பினேன். அந்த ஒரு மணி நேரமும் அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொள்வாள், நான் இந்தப் பக்கம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்துவேன். எங்கள் கல்லூரியில் நாங்கள் எப்படித் தேறினோமோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த வகை வந்தால் இந்த முறை. இது கட்டாயம் வரும், மனப்பாடம் செய்துகொள். அது வராது, விட்டுவிடு. அவளும் நம்பினாள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற பிள்ளைதானே.

நடுவில் ஒரு ஞாயிறு அவளே போகிற போக்கில் ஒன்று சொன்னாள். கணித ஆசிரியர் வகுப்பில் கேட்டாராம்: மாலையில் ஓர் அறை திறந்து வைக்கிறேன், உதவி வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன். பையன்களில் பத்துப் பதினோரு பேர் தூக்கினார்கள். பெண்கள் வரிசையில் ஐந்து பேர், ஒருத்தியும் தூக்கவில்லை.

"நீ?" என்று கேட்டேன்.

"நீதான காட்டிக்காதன்னு சொன்ன."

நல்லது என்றேன், அம்மா. அந்த வாயால் நல்லது என்றேன்.

இரண்டாவது தேர்வில் அவள் மதிப்பெண் முதலாவதைவிடக் குறைந்தது. வினாத்தாளில் நான் அனுப்பிய மாதிரி ஒன்றுகூட இல்லை. ஒரு குன்றின் மேலிருந்து சுடுகிறார்கள், குண்டு எங்கே போய் விழும், நடுவில் எங்கே அதிகபட்ச உயரத்தில் இருக்கும் என்று பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். என் சூத்திரங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்தான். எந்த இடத்தில் எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இதை நான் பிரபுவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் நித்யா நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அத்தை பக்கத்து வீட்டில் போய் அவள் பெருமை பேசுவார்கள், நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அகாடமியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அப்பாவும் இல்லாததால் அவளுக்குக் காப்பாளர் என்று என் பெயரைத்தானே கொடுத்திருக்கிறோம். நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சோப்பு. தபாலை வாங்கியது அத்தை. மேலே அரசு முத்திரை, உள்ளே முழுக்க ஆங்கிலம். அவர்களுக்கு ராணுவத்திலிருந்து முத்திரை போட்ட கடிதம் என்றால் ஒன்றே ஒன்றுதான் தோன்றும். உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தோப்புக்குள் பிரபுவைத் தேடி ஓடினார்கள். போகிற வழியெல்லாம், "நம்ம நித்யாளுக்கு என்னமோ ஆயிப்போச்சு சாமீ" என்று ஓலம். நான் ஈரப் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். தேங்காய் பறிக்கிற ஆறுமுகண்ணன் மரத்தின் பாதியில் அப்படியே நின்றுவிட்டார்.

பிரபு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு அவர் அம்மாவிடம், "ஒண்ணுமில்லீங்கம்மா. கணக்குலயும் சயின்ஸ்லயும் மார்க் கம்மியாம். கடைசிப் பரீட்சையில தேறலீன்னா ஆறு மாசம் பின்னால போடுவாங்களாம்" என்றார்.

அத்தை அங்கேயே வாய்க்கால் ஓரம் உட்கார்ந்துவிட்டார்கள். அழுகையும் சிரிப்புமாக, "அட, இவ்வளவுதானா" என்றார்கள். மரத்திலிருந்து ஆறுமுகண்ணன் குரல் கொடுத்தார். "நித்யாளுக்குக் கணக்குத்தானுங்களா முட்டுது? நாங்கூட அதுலதானுங்க மூணு வருசம் ஒரே கிளாஸ்ல உக்காந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வாய்க்காலுக்குள் இறங்கி மறைந்துவிடலாம் போல இருந்தது. ஒன்றரை மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு தென்னை மரத்தின் மேலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பால் சொசைட்டி வரை தெரிந்துவிட்டது. அங்கே பால் ஊற்ற வந்தவர்களில் ஒருவர், தன் மைத்துனன் மகன் கோயம்புத்தூரில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறான், பேசச் சொல்லட்டுமா என்று பிரபுவிடம் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்கள், "ஏனம்மிணி, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். இதுவரைக்கும் நானே போனில் பாடம் நடத்தியதையும் சொன்னேன்.

"அங்க வாத்தியாருக யாருமில்லியா?"

"இருக்காங்க அத்தை."

"அப்பறம் நீ எதுக்குப் புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு இங்கிருந்து கத்தோணும்? மாட்டுக்கு வவுறு உப்பிப் போச்சுன்னா நாம ஊரயே கூட்டிச் சொல்றமல்ல? யாருக்காச்சும் வைத்தியம் தெரிஞ்சிருக்கும். கமுக்கமா வெச்சிருந்தா மாடுதான் போவும்."

அவர்கள் திட்டவில்லை, அம்மா. அடுப்பில் சாம்பாரைக் கிளறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

இவர்களுக்கு இப்படிச் சொல்ல வருகிறது. வீடும் நிலமும் இவர்கள் பெயரில் இருக்கிறது. நோய் வந்தால் சத்தம் போட்டுச் சொல்லலாம், யாரும் வந்து சாவியைக் கேட்கப் போவதில்லை. நமக்கு அப்படியா இருந்தது? சின்னக்கானலில் நம் லைனில் யாராவது தனக்கு முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? முட்டி வீங்கினால் வாழைப்பழத் தோலில் வழுக்கிவிட்டது. இருமினால் தூசி. டிஸ்பென்சரியில் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேர் போகும், பேர் போனால் வீடு போகும். இதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

உன் கால் புண்ணைப் பற்றி இத்தனை நாள் நான் யாரிடமும் பேசியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அந்த டிசம்பரில் அட்டை கடித்த இடம் ஆறாமல் குதிகாலில் புண்ணாகிவிட்டது. உனக்குச் சர்க்கரை இருந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ துணி சுற்றி, அதன் மேல் இரண்டு காலுறை மாட்டி, கம்பூட் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாய். ஒரு நாள் துணியை மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன். டிஸ்பென்சரிக்குப் போகலாம் வா என்றேன். நீ என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். "ஏட்டி மகேசு, சின்னவ பன்னெண்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா படிக்க மாட்டா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மூணாறு மருந்துக் கடையில் களிம்பு வாங்கியது நான்தான். யாருக்கு என்று கேட்டார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு என்றேன். நான்கு மாதம். விடுதியில் தங்கிப் படித்த நித்யா மார்ச்சில் பரீட்சை எழுதி முடித்தாள். ஏப்ரலில் உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்றார்கள். நித்யாவிடம் திடீர்க் காய்ச்சல் என்று சொன்னேன். அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் யூனியன்காரர் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவ விடுப்பு இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கு நாங்களே அனுப்பியிருப்போமே, கால் குணமாகும் வரை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. அதை நான் உனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவர் சொன்னபடி நடந்திருக்குமா, எனக்குத் தெரியாது. நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நாம் கேட்டுப் பார்க்கவே இல்லை, அம்மா. கேட்டுப் பார்க்கவே இல்லையே.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் ஓடியது. நீ என்னிடம் சொன்னதையே வேறு வார்த்தையில் நான் நித்யாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிட்டதும், கடிதம் வந்ததைச் சொன்னேன். நாளைக்கே அந்த ஆசிரியரிடம் போய்க் கேள் என்றேன். அவள் மறுத்தாள். அவள் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஏற்கெனவே சில பையன்கள், பெண்கள் வந்ததால் ஓட்டத்தின் நேரத்தைத் தளர்த்திவிட்டார்கள், இனிக் கணக்கையும் தளர்த்துவார்கள் என்று காதுபடப் பேசுகிறார்களாம். கை தூக்கினால் தனக்கு மட்டும் அல்ல, மற்ற நாலு பேருக்கும் சேர்த்துத்தான் பேர் கெடும் என்றாள்.

பிறகு, "நீதான சொன்ன. இப்ப நீயே மாத்திப் பேசுற" என்றாள்.

"நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எப்படித் தப்பு? லெட்டர் வந்து உன் வீட்டுல தெரிஞ்சு போச்சுன்னா?"

அதற்கு மேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கால் புண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

நான் முடித்த பிறகு, "எத்தன மாசம்?" என்று கேட்டாள்.

"நாலு."

"பொங்கலுக்கு நான் வந்தப்போ?"

"அப்பவும்."

"சாக்ஸ் போட்டுட்டே படுத்திருந்தா. ஏன்னு கேட்டேன். குளிருதுன்னா."

"ஆமா."

"நீ பக்கத்துலதான் இருந்த."

"ஆமா நித்யா."

போனை வைத்துவிட்டாள். நேரம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தேன், துணி துவைத்தேன். உன் நினைவு நாள் அந்த வாரம்தான் வந்தது. உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கியதும் அன்றுதான். என்ன எழுத? உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன், உடைத்ததில் தங்கையையும் தொலைத்துவிட்டேன் என்றா? அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், அந்த அறைக்குப் போனால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி முழு மனதோடு வேண்டவும் முடியவில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் இருந்தது.

பத்து நாள் கழித்துத் தபாலில் அவள் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அன்புள்ள அக்கா என்று இல்லை. வெறும் 'அக்கா'. நலமா என்றும் இல்லை.

திங்கட்கிழமை கணித வகுப்பு முடிகிற நேரத்தில் அவள் எழுந்து நின்றிருக்கிறாள். யாரும் எதுவும் கேட்காமலே கை தூக்கியிருக்கிறாள். ஆசிரியர் என்ன என்று கேட்டதும், மாலை அறைக்கு வர வேண்டும், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு இந்தப் பாடம் புரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெயர் எழுதும் காலம் போய்விட்டது, ஆனாலும் வா என்றிருக்கிறார் அவர். அவர் நோட்டை எடுப்பதற்குள் பக்கத்துக் கட்டில் பெண், ஹரியானாக்காரி, தானும் கை தூக்கிவிட்டாள். வெளியே வந்ததும் அவள் நித்யாவின் முதுகில் ஓர் அறை விட்டு, ஒரு மாதமாக உன்னைப் பார்த்துத்தான் நான் சும்மா இருந்தேன், உனக்கு எல்லாம் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று சண்டைக்கு வந்தாளாம்.

முதல் நாள் அந்த ஆசிரியர் கணக்கே போட விடவில்லை. கேள்வியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு குன்றை வரை, துப்பாக்கியை வரை, குண்டு போகிற வழியை வரை என்றார். வரைந்து முடித்ததும் என்ன தெரிகிறது என்று கேட்டார். அவளுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை, கேள்வியைப் படிக்கப் பொறுமை இல்லாமல் பயந்து ஓடுகிறாள் என்று சொன்னாராம். 'நீ அனுப்பின மாதிரிக் கணக்கையும் காட்டினேன். யார் போட்டது என்று கேட்டார். அக்கா என்றேன். கணக்கு சரி, ஆனால் உன் அக்காவும் பயந்தவள் போலிருக்கிறது என்றார்.' இது அவள் எழுதியது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

கடிதத்தின் கடைசி வரி: 'அம்மா கால் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.'

மேயில் டெர்ம் கடைசித் தேர்வு. கணிதத்தில் தேறிவிட்டாள். தேற நாற்பது வேண்டும், நாற்பத்தாறு. இயற்பியலில் முப்பத்தாறுதான். ஒரே ஒரு பாடம் என்பதால் மறுதேர்வு உண்டு. வரும் திங்கட்கிழமை, விடுமுறை முடிந்து திரும்பிய மறுநாள் காலை. அதில் போனால் ஆறு மாதம் பின்னால்தான். இதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அம்மா, தோப்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் லீவில் வந்து இறங்கிய அன்றைக்கே ஆறுமுகண்ணன், "ஏனுங் ஆபீசரம்மா, இன்னும் ஒரு பேப்பர் பாக்கியாமுங்க?" என்று விசாரித்துவிட்டார். "ஆமாண்ணே, நீங்க வந்து எழுதிக் குடுங்க" என்றாள். சொசைட்டிக்காரர் சொன்ன அந்தக் கோயம்புத்தூர்ப் பையனிடம் தினமும் காலையில் போனில் பாடம் கேட்கிறாள். புரியாத இடத்தில், புரியலை, மறுபடி சொல்லுங்க என்று வீடே கேட்கக் கத்துகிறாள். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறாள். எனக்குத்தான் உள்ளே கூசுகிறது. இந்தக் கூச்சம் எனக்கு எப்போது போகும்?

என்னோடு மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். பாப்பாவோடு நிறையப் பேசினாள். நாலாம் நாள் மத்தியானம் அவள் பாயில் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பார்த்தேன். பூட்ஸ் கடித்துக் காய்த்த இடங்கள், உரிந்து புதுத்தோல் வந்த இடங்கள். குதிகாலைத் திருப்பிப் பார்க்கக் குனிந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"புண்ணு இல்ல. இருந்தா சொல்லுவேன். ஏப்ரல்ல கொப்புளம் பழுத்துச்சு, அன்னைக்கே மருத்துவமனைக்குப் போயிட்டேன். மூணு நாள் கவாத்து இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. யாரும் என்னைய வீட்டுக்கு அனுப்பல."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உன்ன நான் இன்னும் மன்னிக்கலக்கா. அம்மாவையும் மன்னிக்கல. எனக்காகன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரு வருசம் பரீட்சை எழுதாமப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அடுத்த வருசம் எழுதியிருப்பேன்."

சரிதானே, அம்மா? அடுத்த வருஷம் எழுதியிருப்பாள். அவ்வளவுதான். அவ்வளவு சின்ன விஷயம் நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நினைவு நாளுக்கு அம்மாவுக்கு எழுத ஆரம்பித்தேன், முடிக்கவில்லை என்று சொன்னேன். வாங்கிப் பார்த்தாள். ஒரே ஒரு சொல்தானே அதில் இருந்தது.

"எழுதி முடி" என்றாள். "பத்திரிகைக்கு அனுப்பு. லைன்ல எல்லாரும் படிக்கட்டும். நான் ஃபெயிலானத எழுது. கால் விசயத்தயும் எழுது. பேரை மாத்தாத."

"உன் கூடப் படிக்கிறவங்க..."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது" என்று சிரித்தாள். வந்த நாலு நாளில் என்னைப் பார்த்து முதல் சிரிப்பு அது. பிறகு, "தெரிஞ்சாலும் பரவால்ல" என்றாள்.

அதனால்தான் இதை உனக்கு மட்டும் என்று மடித்து வைக்கவில்லை, அம்மா. உன் டிவிஷனில் உன்னோடு கொழுந்து எடுத்தவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள். காலுறைக்குள்ளோ முந்தானைக்குள்ளோ எதையாவது மறைத்துக்கொண்டு படிப்பார்கள். உன்னை விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நீ கோபப்படுவாயா? படு. அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

பாப்பா புரள்கிறாள். நாளை நித்யாவை ரயில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. தேறினால் சொல்கிறேன், தேறாவிட்டாலும் அதே குரலில் சொல்கிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்து அதைச் சாகும் வரை காப்பாற்றினேன். உன் சாவு வரை. இப்போது இன்னொன்று செய்து தருகிறேன். யார்ட்டயும் சொல்லாதே என்று இனி யார் என் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டாலும், அது நித்யாவாக இருந்தாலும், நாளைக்கு வளர்ந்து நிற்கப் போகும் பாப்பாவாக இருந்தாலும், நான் கையை எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொண்டு, எழுந்து போய், ஆளைக் கூட்டி வருவேன்.

உன் தலையில் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் போன மூத்த மகள்,
மகேசு